‘விடு’ என்று எழுதினால் ‘வீடு’ என்று கேட்கிறது: மாணவர் ஓபராவை மேடையேற்ற மூன்று வழிகள்

ஒரு இரவில் நான்கு ஓபரா, ஒவ்வொன்றும் சுமார் பதினைந்து நிமிடம். எழுதிய நால்வரும் இசைத்துறை மாணவர்கள். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என்று மொழிக்கு ஒன்றாக வந்துவிடும்; கோலாலம்பூரில் அது இயல்பு. கைவசம் ஒரு பருவமும் ஒரு சனிக்கிழமை இரவும்தான். இதை எப்படி மேடையேற்றுவது என்பதில் வருடாவருடம் சண்டை நடக்கும். பல்கலைக்கழகம் ஒன்றில் ஒத்திகைப் பியானோ வாசிப்பவள் என்ற முறையில் மூன்று வழிகளையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். ஒரு மாணவி தன் தமிழ் ஓபராவையே மூன்று வருடமும் திருத்தித் திருத்திக் கொண்டுவந்ததால், ஒரே படைப்பை மூன்று விதமாகக் கேட்கும் வாய்ப்பும் கிடைத்தது.

கதை சின்னது. கோலாலம்பூரின் செந்தூலில் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ். வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாட்டி கிளம்பத் தயார், பேத்திதான் தகரப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். இரண்டே பாத்திரம், பதினாறு நிமிடம்.

முதல் வழி கச்சேரி மாதிரி. பதினான்கு பேர் கொண்ட சிறு இசைக்குழு, முன்னால் ஒரு நடத்துநர். பாடகர்கள் தாங்கியில் இசைத்தாளை வைத்து நின்றபடி பாடுவார்கள். நடிப்பு இல்லை, காட்சி இல்லை. இசையமைக்கும் மாணவர்களுக்கு இதுதான் முதல் ஆசையாக இருக்கும். காரணம் புரிகிறது. அவர்கள் மாதக்கணக்கில் கணினியில் எழுதி, கணினி வாசித்துக் காட்டுவதைக் கேட்டே பழகியவர்கள். அந்த மென்பொருளில் புல்லாங்குழலின் கீழ்ச்சுரம்கூட ட்ரம்பெட்டை மீறிக் கேட்கும். யாரும் மூச்சு வாங்க மாட்டார்கள். பக்கம் திருப்ப ஒரு கை வேண்டும் என்பதும் தெரியாது. நிஜ வாத்தியங்கள் வந்து உட்கார்ந்தால்தான் எது பொய் என்று தெரியும். அந்த மாணவி முதல் ஒத்திகையிலேயே தன் தாளில் எட்டு இடத்தில் பென்சிலால் அடித்தாள். அந்தப் பாடத்தை வகுப்பறையில் யாரும் கற்றுத்தர முடியாது, சரி.

ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். இசைக்குழு மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால் ஓபராவுக்கு மூன்று மணி. அதில் ஒரு மணி நேரம் தாளில் உள்ள தவறுகளைத் திருத்துவதிலேயே போகும். மீதியில் பாடகரும் வாத்தியமும் ஒருவரை ஒருவர் கேட்கப் பழகுவதற்குள் மாலை முடிந்துவிடும்.

அரங்கும் ஒரு பிரச்சினை. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கட்டிய மண்டபத்தில் ஒலி அடங்கச் சுமார் இரண்டு விநாடி ஆகும். வயலினுக்கு அது தேன். வசனத்துக்கு ஒரு விநாடி அளவில் அடங்கினால்தான் நல்லது. ஓபரா அரங்குகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தமிழுக்கு இது இன்னும் கடுமை. ‘பட்டு’ என்று சொல்லும்போது அந்த ‘ட்’டில் ஒரு நொடிப்பொழுது நாக்கு காற்றை அடைத்து நிற்கிறது. அந்த மௌனம்தான் ‘படு’விலிருந்து ‘பட்டு’வைப் பிரித்துக் காட்டுகிறது. எதிரொலி வந்து அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மாணவர் நிகழ்ச்சிக்குப் பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது பெருமூச்சு விடுவார்கள். 1998இல் திறந்த அருமையான மண்டபம், அங்கே இசைக்குழு கேட்பது தனி சுகம். ஆனால் புதிய ஓபராவின் முதல் சொல்லை அப்படியொரு இடத்தில் வைத்துச் சோதிக்க நான் விரும்ப மாட்டேன்.

அந்த முதல் வருட நிகழ்ச்சிக்கு என் அம்மா வந்திருந்தார். செந்தூலில் பிறந்து வளர்ந்தவர், கதை அவருக்கு மனப்பாடமான வாழ்க்கை. முடிந்ததும் கேட்டார்: “இசை நல்லா இருக்கு. ஆனா பாட்டி ஏன் வீடு வீடுன்னே பாடிக்கிட்டு இருக்காங்க?” வீட்டை விட்டுப் போகிற சோகம் என்று அவராகவே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுவருடம் இரண்டாம் வழி. கறுப்புச் சுவர் கொண்ட பிளாக் பாக்ஸ் அரங்கு, தொண்ணூறு நாற்காலி, ஒரே ஒரு பியானோ. மற்ற எல்லாம் நடிப்பு. நான்கு ஓபராவுக்கும் பொதுவாக ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு கதவுச் சட்டம். அப்படி வைத்தால் காட்சி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆளுக்கொரு செட் கேட்டால் பார்வையாளர்கள் இடைவேளையில்தான் பாதி இரவைக் கழிப்பார்கள்.

இங்கே பெரிய லாபம் ஒத்திகை நேரம். பியானோவுக்கு என் ஒருத்தி போதும் என்பதால் வாரம் மூன்று மாலை கிடைத்தது. அப்படி ஒரு மாலையில்தான் விஷயம் வெளியே வந்தது. பாட்டியாகப் பாடியவள் ஒரு சீன மாணவி, நல்ல கனமான மெஸோ, அதாவது நடுத்தரப் பெண்குரல். தமிழ் தெரியாது. உச்சரிப்பை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு சுத்தமாகப் பழகியவள். பேத்தியின் விரல்களைத் தகரப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தபடி அவள் பாட வேண்டிய சொல் ‘விடு’. இயக்கிய மாணவன் நிறுத்தினான்.

“அக்கா, கை விடுங்கிறது, வாய் வீடுங்குது. எது சரி?”

பாடியவள் தாளைக் காட்டினாள். அதில் ‘விடு’ என்றுதான் இருந்தது. மேலே இருந்த சுரம்தான் சிக்கல்: ‘வி’க்கு மூன்று தாள அடி, ‘டு’வுக்கு ஒன்று. குறிலை மூன்று அடி நீட்டினால் அது நெடில், வேறு என்ன ஆகும்? தமிழ்க் குரல் என்றால் வாய் தானாகவே திருட்டுத்தனமாகச் சுருக்கியிருக்கும், எழுதியவளுக்குத் தவறு தெரியாமலே போயிருக்கும். மொழி தெரியாதவள் எழுதியதை எழுதியபடி பாடியதால்தான் அது பிடிபட்டது. முதல் வருடம் பதினான்கு வாத்தியங்கள் சேர்ந்தும் சொல்லாததை ஒரு கையசைவு சொல்லிவிட்டது. மலை மாலையாவதும் கல் காலாவதும் எந்தத் தமிழ்ப் பாட்டிலும் நேரக்கூடியதுதான். ஆனால் ஓபராவில் கதையே அந்தச் சொல்லில் தொங்குகிறது.

இன்னொன்றும் அந்த அறையில் தெரிந்தது. பெண்குரல் மேல் ஸ்தாயியில் ஏறிவிட்டால் அ, இ, உ எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். இசைத்தாளின் ஐந்து கோடுகளுக்கு மேலே போன பிறகு எந்தப் பாடகியாலும் உயிரெழுத்தைத் துல்லியமாகக் காட்ட முடியாது. அது பயிற்சிக் குறையில்லை, குரலின் இயற்கை. அதனால் கதைக்கு அவசியமான வரியை அங்கே வைக்கக் கூடாது. அழுகையை வைக்கலாம், ஆலாபனையை வைக்கலாம். வீட்டு முகவரியை வைக்கக் கூடாது.

திரையில் வரி காட்டுவதும் இந்தச் சிறு அரங்கில் எளிது. ஓபராவில் அந்தப் பழக்கம் 1983இல் டொராண்டோவில் தொடங்கியது. நமக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி வேண்டும். பொத்தானை அழுத்துகிறவருக்கு இசைத்தாள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வரி ஒரு விநாடி முந்தினால் பாடகர் வாய் திறப்பதற்குள் சபை சிரித்துவிடுகிறது, பாவம்.

அப்படியென்றால் பியானோவே போதுமா? நானே பியானோக்காரி. போதாது என்று நானே சொல்கிறேன். அந்த மாணவி ‘விடு’வைத் திருத்தினாள். இரண்டு எழுத்தையும் குறுக்கி, சொல்லைப் பட்டென்று முடித்து, அந்த மூன்று அடி நீளத்தை என் வலக்கையிடம் கொடுத்தாள். சொல் முடிந்த பிறகும் பாட்டியின் மனது முடியவில்லை, அதை வாத்தியம் தாங்கட்டும் என்பது அவள் எண்ணம். அழகான எண்ணம். ஆனால் பியானோவில் கட்டையைத் தட்டிய கணத்திலிருந்து ஒலி செத்துக்கொண்டே வருகிறது. மூன்றாவது அடியில் மிச்சம் இருந்தது ஏசி சத்தம்தான். அந்த ஏசியும் பியானோவுக்கு எமன். இரவில் நிறுத்தி, காலையில் போட்டு, நம் ஊர் ஈரப்பதத்தில் சுருதி இரண்டே நாளில் கலைந்துவிட்டது.

மூன்றாம் வழி அங்கிருந்துதான் வந்தது. நடிப்பு அப்படியே இருக்கட்டும், ஐந்து வாத்தியம் மேடை ஓரத்தில், பாடகர்களின் கண்ணில் படும்படி உட்காரட்டும். இதில் புதுமை எதுவும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகங்கள் இப்படித்தான் நடந்தன. ஆர்மோனியக்காரர் ஓரத்தில் அமர்ந்து பின்பாட்டும் பாடுவார். நடிகர் வரியை விட்ட இடத்தில் அவர் எடுத்துக்கொள்வார். அந்த மாதிரிக் குழுக்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்து ஆடியிருக்கின்றன. 1880களில் பினாங்கில், பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்த பங்சாவான் என்ற மலாய் இசை நாடகத்திலும் ஆர்மோனியம், தபலா, வயலின் உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘மலாய் ஓபரா’ என்றே அழைத்தார்கள். ஆக, பாடிக்கொண்டே நடிப்பதும் பக்கத்தில் நாலைந்து பேர் வாசிப்பதும் இந்த மண்ணுக்குப் பழக்கமானவைதான்.

மேற்கிலும் சின்ன அளவு என்பது குறைபாடாக இருந்ததில்லை. 1927இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் இசை விழாவில் பத்து நிமிடத்துக்குள் முடியும் ஓபராவையே மேடையேற்றினார்கள். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1940களிலும் 50களிலும் பதின்மூன்று பேருக்கு மேற்படாத குழுவை வைத்து முழுநீள ஓபராக்களையே எழுதினார். 1946இல் கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் முதல் மேடை கண்டது இசையமைப்பாளர் மெனோட்டியின் ‘தி மீடியம்’ ஓபரா; அடுத்த வருடமே அது பிராட்வேக்குப் போனது. எனவே “பல்கலைக்கழக நிகழ்ச்சிதானே” என்று இதை யாரும் இறக்கிப் பேச வேண்டியதில்லை.

எங்கள் ஐவர்: வயலின், செல்லோ, கிளாரினெட், தாளம், அப்புறம் நான். எனக்குப் பியானோவும் அதை ஒட்டி ஒரு ஆர்மோனியமும். தாளத்துக்கு முதலில் மிருதங்கம் வைத்தோம், பொருந்தவில்லை. மிருதங்கத்தை ஒரு சுருதிக்குக் கட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். மாணவர்களின் இசையோ நாற்பது அடிக்கு ஒருமுறை ஆதாரச் சுருதியை மாற்றுகிறது. மாறியவுடன் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கம், தனியாக நின்று சண்டை போட்டது. கஞ்சிராவுக்கு மாறினோம். தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் ஒலி தாழ்ந்து, எந்தச் சுருதியோடும் மோதாமல் போகிறது.

நடத்துநர் கிடையாது. பாட்டி மூச்சை இழுப்பதைச் செல்லோக்காரன் பார்க்கிறான், அவன் தலையசைப்பை நான் பார்க்கிறேன், இடம் வந்துவிடுகிறது. பேத்தி பெட்டியை இழுக்கும் வேகம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இசை அதோடு போகிறது. கச்சேரி முறையில் நடத்துநரின் குச்சிக்கும் பாடகரின் முதுகுக்கும் நடுவில் தொலைந்துபோனது இதுதான்.

குறைகளும் உண்டு. ஐந்து ஏழாகி, ஏழு மூன்றாகி, அடிக்கு அடி தாளம் மாறும் எழுத்து இங்கே உடைந்துவிடும். அதற்குக் குச்சி வேண்டும். இடப்பக்க முதல் வரிசைக்காரர்கள் கஞ்சிராவைத்தான் அதிகம் கேட்டார்கள், அந்தப் பக்கம் நாலு நாற்காலியை எடுத்துவிட்டோம். பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தை மனதில் வைத்து எழுதிய மாணவன் ஐந்து பேருக்குச் சுருக்கச் சொன்னபோது முகம் வாடிவிட்டான். அவன் வருத்தம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் மூன்றில் எது என்று கேட்டால் தயங்காமல் மூன்றாவது என்பேன். காரணம் அந்த ஒரு இடம். பாட்டி விரல்களைப் பிரிக்கிறாள். ‘விடு.’ இரண்டு குறில், கதவு சாத்துகிற மாதிரி. வாய் மூடிவிட்டது. என் இடக்கை துருத்தியை மெதுவாகத் தள்ள, வலக்கை ஒரே கட்டையில். ஒலி தேயவில்லை, நான் விரும்பும் வரை நின்றது. மூன்று அடி என்று எழுதியிருந்தது. பேத்தியின் கடைசி விரல் வரும் வரை ஐந்தோ ஆறோ பிடித்தேன். அம்மா அன்றும் வந்திருந்தார். பாட்டி எதையோ திரும்பத் திரும்பப் பாடுகிறாள் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. “நாங்க காலி பண்ணப்போ எங்க அம்மாவும் இப்படித்தான் என் கையை எடுத்துவிட்டாங்க” என்றார்.

அடுத்த பருவத்துக்கு வந்திருக்கும் நான்கு பிரதிகளில் மூன்றை இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன். நான்காவதில் பன்னிரண்டு பேர் கோரஸ் இருக்கிறது, தாளமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அதைச் சுருக்கினால் எழுதியவனுக்கு அநியாயம். அது மட்டும் நடத்துநரோடு கச்சேரியாகப் போகட்டும், நேரத்தில் பாதியை அதற்கே கொடுக்கலாம். தமிழ்ப் பிரதி இந்த வருடமும் ஒன்று உண்டு. இசைத்தாள் கைக்கு வந்த அன்றே குறில் நெடிலைப் பென்சிலால் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு ‘கனி’ ‘கானி’யாக நீண்டு நிற்கிறது.