சைலென்சர் மாத்தப் போறீங்களா? 18,500 ரூபாய் பறிகொடுத்தவன் சொல்றேன், படிச்சிட்டுப் போங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா "போகுது சனியன்"னு விட்டுடுவேன், அந்தக் கடைக்காரனுக்கும் அதுதான் வேணும். மதுரையில ஒரு கார் ஆல்டரேஷன் கடையில சைலென்சர் மாட்டி 18,500 ரூபாயைத் தொலைச்சிட்டு உக்காந்திருக்கேன். எக்ஸாஸ்ட்ல எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதைப் பத்தியும் கடைசியில விளக்கமா எழுதறேன்.

ரோட்டை அலற விடணும்னு நான் மாத்தலை. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா "உனக்கு எதுக்குய்யா இந்த ஆசை"னு நாலு பேர் வருவீங்க. தூத்துக்குடி உப்புக்காத்துக்கு 2013 மாடல் வண்டியோட பின் சைலென்சர் அடியில இத்து ஓட்டை விழுந்துடுச்சு. கம்பெனி பார்ட் வர நாளாகும்னாங்க. கடையோட வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுது, போன் போட்டேன், "வாங்கண்ணே"ன்னான்.

அவன் என்னை விழுத்தாட்டின இடம் எதுன்னு சொல்றேன். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, என்னையும் அடியில கூட்டிட்டுப் போயி, போன் டார்ச்சை அடிச்சுக் காட்டினான். "அண்ணே, நடு சைலென்சர் கல்லு மாதிரி இருக்கு, அதைத் தொட வேண்டாம். பின்னாடி மட்டும்தான் போயிருக்கு. வேற கடைன்னா முழு செட்டும் மாத்தச் சொல்லி முப்பதாயிரம் கறந்திருப்பாங்க." வேண்டாத வேலையை வேண்டாம்னு சொல்ற கடைக்காரனை நீங்க எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க? அந்த ஒரு பேச்சுக்கு அப்புறம் நான் எதையும் கேக்கலை. "ஃபுல் 304 ஸ்டீல், சீக்கிரம் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ணே, ஆர்கான் வெல்டிங், ரெண்டு வருஷம் வாரண்டி, சத்தம் கம்பெனி மாதிரியே இருக்கும்." டீ வந்துச்சு. "பொறி பறக்கும்ணே, ஏசி ரூம்ல உக்காருங்க"ன்னு உள்ள அனுப்பிட்டான். பணம் ஜிபேல அவன் மச்சான் நம்பருக்கு. பில்லுன்னு தந்தது ஒரு வெள்ளைத் தாள், மேல "எஸ்டிமேட்"னு இருக்கு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

எலியார்பத்தி டோல்கேட் தாண்டி வண்டி 80-ஐத் தொட்டதும் ஆரம்பிச்சுது. மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி ஒரே உறுமல். 100-க்குப் போனா கொஞ்சம் அடங்குது, திரும்ப 80-க்கு வந்தா பிடிச்சுக்குது. அருப்புக்கோட்டை வர்றதுக்குள்ள என் மனைவிக்குத் தலைவலி. மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினா "டிக் டிக் டிக்"னு வேற ஒரு சத்தம், இன்ஜின் சூடாகச் சூடாகக் குறைஞ்சு நின்னுடுது.

போன் போட்டேன். "புது சைலென்சர்ண்ணே, 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." ஓட்டியாச்சு, செட் ஆகலை. அடுத்து "உங்க இன்ஜின் மவுண்ட் போயிருக்கும், அதைப் பாருங்க." இன்ஜினைத் தாங்குற அந்த ரப்பர் மவுண்ட்டைப் பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. அப்புறம் வெல்டர் ஊருக்குப் போயிட்டாரு, திருவிழாவாம். அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக்கோடு மட்டும்தான். வேற நம்பர்ல இருந்து அடிச்சா "ராங் நம்பர்" - அதே குரல்!

எங்க ஊர்ல ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட வண்டியை விட்டேன். குனிஞ்சு பாத்தவரு ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "தம்பி, நடு சைலென்சர் எங்க?"

நடு சைலென்சரே இல்லை. "தொட வேண்டாம்"னு டார்ச் அடிச்சுக் காட்டின அதே நடு சைலென்சரை வெட்டி எடுத்துட்டு நேர் பைப்பை வச்சு ஒட்டியிருக்கான். ரெடிமேட் பைப் இந்த வண்டி ஃபிளாஞ்சுக்கு (பைப்பை போல்ட் போட்டு இணைக்கிற தட்டு) உக்கார்ந்திருக்காது, அதான் சுளுவா வெட்டிட்டான்ங்கிறாரு அண்ணாச்சி. அந்த உறுமலை அமுக்குறதுக்குத்தான் கம்பெனிக்காரன் அதை நடுவுல வச்சிருக்கான். டிக் டிக் சத்தம் கேஸ்கட்ல, அதாவது பைப் சேர்ற இடத்துல புகை கசியாம அடைக்கிற வளையத்துல. பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கான், ஃபிளாஞ்ச் ஓரம் பூரா கரி. சூடானா இரும்பு விரிஞ்சு இடைவெளி அடைபடும், அதனாலதான் சத்தம் நிக்குது. சைலென்சரைத் தொங்கவிடற ஒரு ஹேங்கர் ரப்பருக்குப் பதிலா கட்டுக்கம்பி. அண்ணாச்சி போல்ட் பொறுக்குற காந்தத்தை எடுத்து பைப்ல வச்சாரு, டப்புன்னு ஒட்டிக்கிச்சு. 304-ல காந்தம் அப்படி ஒட்டாது. ஒட்டுற ஸ்டீல் எல்லாமே மோசம்னு இல்லை, கம்பெனி சைலென்சர்லயே ஒட்டும். ஆனா இவன் 304-ன்னு சொல்லியில்ல 18,500 வாங்கினான்?

போட்டோ எல்லாம் அனுப்பினேன். உடனே பதில் வந்துச்சு: "வேற ஆளைத் தொட விட்டுட்டீங்க, வாரண்டி கேன்சல்." என்னோட பழைய பாகங்களைக் கேட்டேன். "அதெல்லாம் எடைக்குப் போயிடுச்சு." அதோட பிளாக். அவன் பேஜ்ல இன்னைக்குக்கூட புது வீடியோ போட்டிருக்கான்.

விளக்கமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப எனக்குப் பொறுமையில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கோங்க. வேலை நடக்கும்போது லிஃப்ட் பக்கத்துலயே நில்லுங்க, பொறி பறந்தாலும் சரி. கழட்டின பழைய பாகத்தை டிக்கில போட்டுட்டுத்தான் பணம் குடுக்கணும். கையில ஒரு காந்தம் கொண்டு போங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, டெயில் பைப்பை ஈரத்துணியால ஒரு நொடி அடைச்சா, லீக் இருக்கிற ஜாயிண்ட்ல "உஸ்"னு கேக்கும். லீக்கோட வண்டியை நிறுத்தி ஏசி போட்டுத் தூங்கிடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே முடிச்சிடும். சத்தத்துக்குப் போலீஸ் பிடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு, அதைக் கட்டப்போறது கடைக்காரன் இல்லை.

1915-ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போறேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் இல்லை. வழக்கு போறதால கடை பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இந்த மாடலுக்கு நல்ல நிலைமையில நடு சைலென்சர் யார்கிட்டயாவது இருந்தா மட்டும் சொல்லுங்க, அது இல்லாம வண்டியை எடுக்க முடியலை.