மொத்தத்துக்கு டிட்செட் கிடையாது: ஸ்விஃப்ட்டில் என்ன வழி?

ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் பில் போடும் ஆப் ஒன்று. விலை, எண்ணிக்கை இரண்டும் ஸ்டோர்டு ப்ராப்பர்ட்டி, அதாவது மதிப்பைச் சேமித்து வைப்பவை. மொத்தம் கம்ப்யூட்டட், கேட்கும்போதெல்லாம் பெருக்கித் தரும். மொத்தம் மாறினால் திரையில் உள்ள லேபிளும் மாற வேண்டும், அவ்வளவுதான். சரி என்று மொத்தத்திலேயே டிட்செட் (மதிப்பு மாறியதும் தானாக ஓடும் கோடு) எழுதப் போனால் கம்பைலர் விடாது. எங்கும் சேமித்து வைக்காத ஒன்று மாறியது என்று யார் வந்து சொல்வது?

பழைய வழி கேவிஓ (கீ-வேல்யூ அப்சர்விங்), ப்ராப்பர்ட்டி மாறினால் அறிவிப்பு தரும் ஆப்ஜெக்டிவ்-சி காலத்து ஏற்பாடு. கிளாஸ் ஆப்ஜெக்டிவ்-சியின் அடிப்படை கிளாஸான என்எஸ்ஆப்ஜெக்டிலிருந்து வர வேண்டும், ப்ராப்பர்ட்டிகளுக்கு முன்னால் ஆப்ஜ்சி டைனமிக் போட வேண்டும், மொத்தம் எதையெதை நம்பியிருக்கிறது என்று பட்டியல் தரும் கிளாஸ் மெத்தட் ஒன்றும் எழுத வேண்டும். அந்த மெத்தடின் பெயரிலேயே ப்ராப்பர்ட்டியின் பெயரும் ஒட்டியிருக்கும். ப்ராப்பர்ட்டிக்கு வேறு பெயர் வைத்துவிட்டு மெத்தடை மறந்தால் எரர் எதுவும் வராது, அறிவிப்பு மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

2019-இல் ஐஓஎஸ் 13-உடன், மாற்றங்களைச் செய்தியாக அனுப்பும் கம்பைன் ஃப்ரேம்வொர்க் வந்தது. அதில் மாற்றத்தை அறிவிக்கச் சொல்லும் குறியான பப்ளிஷ்டை கம்ப்யூட்டட் மேல் போட முடியாது. விலைக்கும் எண்ணிக்கைக்கும் போட்டு, கம்பைன்லேட்டஸ்ட்டால் சேர்க்க வேண்டும். என் ஒரு மாலைப் பொழுதைத் தின்ற பொறி இங்கேதான். விலை 40, எண்ணிக்கையை 2-லிருந்து 3 ஆக்கினேன். சிங்க் (செய்தி வந்ததும் ஓடும் கோடு) ஓடியது, ஆனால் லேபிளில் 80. இன்னொரு முறை தட்டி 4 ஆக்கினால் 120. எப்போதும் ஒரு படி பின்னால். காரணம், பப்ளிஷ்டு வில்செட் நேரத்திலேயே, அதாவது புது மதிப்பு பதிவதற்கு முன்பே, செய்தி அனுப்பிவிடுகிறது. அந்த நொடியில் மொத்தத்தைக் கேட்டால் பழைய எண்ணிக்கையைத்தான் பெருக்கும். சிங்க்குக்குள் வரும் மதிப்புகளையே பெருக்கினால் சரியாகிவிடும். ஆனால் அப்போது ஒரே கணக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை.

2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த அப்சர்வபிள் மேக்ரோ வேறு ரகம். பட்டியல் எதுவும் தர வேண்டாம். ஸ்விஃப்ட்யூஐ (ஆப்பிளின் திரை கட்டும் ஃப்ரேம்வொர்க்) வியூ மொத்தத்தைப் படிக்கும்போது உள்ளே விலையும் எண்ணிக்கையும் படிக்கப்படுவதை அதுவே குறித்துக்கொள்கிறது. ஐஓஎஸ் 17-க்குக் கீழே போக வேண்டாம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஆப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் யூசர்டிஃபால்ட்ஸிலிருந்து படிக்கும் கம்ப்யூட்டட் ப்ராப்பர்ட்டி இதன் கண்ணில் படாது. கெட்டரில் ஆக்சஸ், செட்டரில் வித்மியூட்டேஷன் என்று நாமே கூப்பிட வேண்டும். ஸ்விஃப்ட்யூஐக்கு வெளியே, மாற்றத்தைக் கவனிக்கும் வித்அப்சர்வேஷன்டிராக்கிங் ஃபங்ஷன் நம்மை ஒரே ஒரு முறைதான் கூப்பிடும், அதுவும் மதிப்பு மாறுவதற்கு முன்பே. ஆக அந்த 80 ரூபாய்ப் பொறி இங்கேயும் உண்டு. மறுபடி பதிவு செய்வதும் நம் தலையில். ஸ்விஃப்ட் 6.2-இன் அப்சர்வேஷன்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கிறது, ஆனால் ஐஓஎஸ் 26 வேண்டும்.

கேவிஓவை நான் இன்னும் தொடுவது டபிள்யூகேவெப்வியூவின் (ஆப்புக்குள் வெப் பக்கம் காட்டும் கிளாஸ்) எஸ்டிமேட்டட் ப்ராக்ரஸ் மாதிரி ஆப்பிளே அப்படிக் கட்டிவைத்த இடங்களில் மட்டும்தான்.