பழைய வெடிமருந்தளவு எந்த நகல் கார்பைனில் கொள்ளும்?

கருமருந்து (பழைய வகை வெடிமருந்து) போட்டுச் சுடும் கார்பைனின், அதாவது குட்டை ரைஃபிளின், நகலை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ராணுவ அளவையே போட்டுச் சுடலாமா என்பதுதான். மருந்து இன்றும் கிடைக்கிறது. அது உட்காரும் தோட்டாவின் உலோகக் கூடுதான் மாறிவிட்டது.

ஷார்ப்ஸ் கார்பைனில் அந்தக் கூடே இல்லை. 1859, 1863 மாடல்களுக்குக் காகிதமோ துணியோ சுற்றிய தோட்டா. உள்ளே சுமார் 60 கிரெய்ன், அதாவது 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நெம்புகோலை மூடினால், குழலின் பின்வாயை அடைக்கும் பின்கட்டை எழும்பி, தோட்டாவின் வாலை நறுக்கும். அப்போது ஒரு சிட்டிகை மருந்து கட்டையின்மேல் சிந்தும். சுடும்போது அதுவும் குப்பென்று பற்றும். இதைத் தவிர்க்க, வாலில்லாமல், தோட்டா உட்காரும் அறையின் நீளத்துக்கே அளவெடுத்து, அடியைத் தட்டையாக ஒட்டிய காகிதத் தோட்டா செய்துகொள்கிறார்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது, விழுந்தால் குழல் உப்பிவிடலாம். கவனமாகச் செய்தால் 60-ஐ நெருங்கலாம். ஆனால் கரி ஏற ஏறக் கட்டை இறுகும். நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஏழு தோட்டா கொள்ளும் ஸ்பென்சர் கார்பைனில்தான் ஏமாற்றம். பழைய ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) தோட்டாவின் செப்புக் கூடு மெல்லிய தகடு, சுமார் 45 கிரெய்ன் பிடிக்கும். நகலுக்கு வரும் 56-50 என்ற அளவின் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் பற்றவைக்கும்) பித்தளைக் கூடு அடியில் தடித்தது. வெளியே பார்த்தால் அதே உருவம், உள்ளே இடமில்லை. 45-ஐத் திணிக்காமல், கொண்ட மட்டும் போடுவதே நல்லது. .44-40 என்ற அளவுக்குச் செய்த ஸ்பென்சர் நகல்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், அது வேறு தோட்டா.

என் ஓட்டு 1873 ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனுக்கு. 1876-இல் அமெரிக்கப் பழங்குடிகளுடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்கு, தளபதி கஸ்டரின் குதிரைப்படை தூக்கிப்போனது இதைத்தான். இதே மாடலின் நீள ரைஃபிளுக்கு 70 கிரெய்ன். எடை குறைந்த கார்பைனில் அது தோளைப் பதம் பார்க்கும் என்று, அதே கூட்டில் 55 போட்டு, மிச்ச இடத்தை அட்டையால் அடைத்தது ராணுவம். இன்றைய தடித்த கூட்டில் 70-ஐ அமுக்கி நுழைக்க வேண்டும். 55 சிரமமில்லாமல் போகும், மேலே அட்டை கொஞ்சம் குறைவாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: எடை ஒன்றாக இருந்தாலும் எல்லா மருந்துக்கும் வேகம் ஒன்றல்ல. ஸ்விஸ் என்ற பிராண்டின் மருந்துக்கு வேகம் கொஞ்சம் அதிகம். தயாரிப்பாளர் தந்த உச்ச அளவைப் பார்த்துவிட்டு, சற்றுக் கீழிருந்து ஏறி 55-க்கு வருவேன். மருந்து குறைவதால் காலியாகும் இடத்துக்கு இன்னொரு அட்டை.