சூரிய ஃபில்டர் தாளும் செட்டிநாட்டு வானமும்: நீண்ட நாள் அனுபவம்

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்காக பாடர் அஸ்ட்ரோசோலார் ஃபிலிம் ஒரு தாள் வாங்கினேன். புதுக்கோட்டைக்குப் போய் வளையத்தை எடுத்து வந்ததோடு அது பரணுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காரைக்குடியில் எங்கள் மொட்டைமாடியில் இன்றும் அதே தாள்தான் லென்ஸ் முன்னால் நிற்கிறது. சூரியனைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் காசு போட வேண்டியது இதில்தான், பெரிய லென்ஸெல்லாம் அப்புறம்.

இதில் 5.0, 3.8 என்று இரண்டு வகை உண்டு. 5.0 ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். 3.8 படம் எடுக்க மட்டும், கண் வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் 5.0 வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையை வளையமாக வெட்டி, நடுவில் தாளைத் தளர்வாக ஒட்டினேன். சுருக்கம் படத்தைக் கெடுக்காது, இழுத்துக் கட்டினால்தான் கெடும். ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் பல்ப் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஆடிக்காற்றில் அட்டை பறக்காமல் இருக்க லென்ஸோடு சேர்த்து டேப் சுற்றுவது கட்டாயம். எக்ஸ்ரே ஃபிலிமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400 நொடி. இதில் தொடங்கிக் கூட்டிக் குறைத்தால் போதும். 600 மி.மீ. லென்ஸில்கூட சூரியன் சென்சாரில் ஐந்தரை மி.மீ.தான் விழும். படத்தில் சூரியன் வெள்ளையாக வரும். ஆரஞ்சு நிறம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான், எனக்கு இந்த வெள்ளைதான் பிடிக்கும். சூரியப்புள்ளியின் கறுத்த நடுப்பகுதியும் அதைச் சுற்றிய சாம்பல் ஓரமும் தனித்தனியாகத் தெரியும். 2024 மே மாதம் 3664 எண்ணிட்ட பெரிய புள்ளிக்கூட்டம் வந்தபோது லென்ஸே தேவைப்படவில்லை. தாளைக் கண்முன் பிடித்ததுமே தெரிந்தது.

எங்கள் ஊரில் உண்மையான எதிரி வெப்பம். ஒன்பது மணி தாண்டினால் தளமும் செம்மண்ணும் கொதித்து, சூரியனின் விளிம்பு நெளிய ஆரம்பித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதற்கு மருந்தாகாது. காலையில் ஊருணியின் மேற்குக் கரையில் நின்று தண்ணீருக்கு மேலாக எடுத்துப் பாருங்கள். தண்ணீர் சீக்கிரம் சூடாகாததால் விளிம்பு அசையாமல் நிற்கும், புள்ளிகள் கூர்மையாக விழும்.

சூரியனைச் சுற்றி வட்டம் கட்டும் நாளில் இந்தத் தாளைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அதன் வழியே வட்டம் தெரியாது. உயரத்து மேகத்தில் இருக்கும் அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் சூரியனிலிருந்து 22 பாகையில் வட்டம் உருவாகிறது. கையை நீட்டிச் சாண் விரித்தால் ஏறக்குறைய அந்தத் தூரம். உள்விளிம்பு சிவந்திருக்கும். போனின் சாதாரண 26 மி.மீ. கேமராவிலேயே முழு வட்டமும் அடங்கும். சூரியனை மட்டும் எதிலாவது மறைக்க வேண்டும், அதற்குச் செட்டிநாட்டு வீடு மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு வரும். அப்போது வளவு முற்றத்தில் தாழ்வார விளிம்பு சூரியனை மறைக்கும்படி அண்ணாந்து எடுத்தால், ஓட்டு வரிசைக்கு மேலே வட்டத்தில் ஏறக்குறைய பாதி கிடைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள்.

"அகல் வட்டம் பகல் மழை" என்று அப்பத்தா சொல்லுவார். ஐப்பசியில் அது நிறையவே பலிக்கிறது, வங்கக்கடல் தாழ்வுநிலைக்கு முன்னால் இந்த உயரத்து மேகம்தான் முதலில் வந்து சேரும். கோடையில் நம்ப முடியாது, எங்கோ பெய்த இடிமழையின் மிச்சமாகவும் இருக்கும்.

இன்னொன்று. சூரியன் 58 பாகைக்கு மேல் ஏறியிருந்தால், அதற்கு 46 பாகை கீழே அடிவானத்துக்கு இணையாக ஒரு வண்ணப்பட்டை வரலாம். வட ஐரோப்பாவில் 55 பாகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நமக்கு டிசம்பரை ஒட்டிய சில வாரங்கள் தவிர ஆண்டு முழுக்க நண்பகலில் வாய்ப்பு உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை வடக்கே தேடுங்கள், மற்ற மாதங்களில் பெரும்பாலும் தெற்கே.

2031 மே 21 கங்கண கிரகணம் மதுரை, காரைக்குடி வழியாகவே வருகிறது. அதற்குள் புதுத் தாள் மாற்றிவிடுவேன். உச்சிப்பொழுதை ஒட்டி வருவதால் கேமராவை ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். சாதாரண ட்ரைபாட் தலை லென்ஸ் எடையில் சரியும், வாங்குகிறவர்கள் அதைச் சோதித்து வாங்குங்கள்.