பெயர் பிடிக்கும் மொடலின் ஜாதகம்: மூன்று இடத்தில் மூன்று மாதிரி

உன்னிச்சை என்றால் ஊரா, குளமா? மட்டக்களப்பில் அது இரண்டும்தான். விவசாய ஆரம்பக் கூட்டக் குறிப்புகளிலிருந்து ஊர், குளம், ஆள் என்று பெயர்களைப் பிரித்தெடுக்க ஒரு கணினி மொடலைப் பழக்கினால் முதல் தலையிடி இதுதான். பழக்கி முடிந்ததும் அடுத்தது தொடங்கும்: அது எவ்வளவு படித்தது, எதில் கெட்டி, எதில் சொதப்பும் என்று எங்கே பார்ப்பது?

அமேசனின் உரை ஆராயும் இணையச் சேவையான கொம்ப்ரிஹெண்டில் இதற்கென்றே 'என்டிட்டி ரெக்கக்னைசர் மெட்டாடேட்டா' என்று ஒரு தரவு அமைப்பு இருக்கிறது. பழக்கிய ஆவணங்கள் எத்தனை, சோதித்தவை எத்தனை, மொத்தத்துக்கு பிரிசிஷன் (பிடித்ததில் எவ்வளவு சரி), ரீகோல் (பிடிக்க வேண்டியதில் எவ்வளவைப் பிடித்தது), எஃப்1 (இரண்டையும் சேர்த்த மதிப்பெண்) எவ்வளவு என்று சொல்லும். எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் வகைப் பட்டியல். ஒவ்வொரு வகைக்கும் தனி மதிப்பெண், பழக்கும்போது அந்த வகை எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மொத்த எஃப்1 88 என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்ளே போனால் ஊருக்கு 93, குளத்துக்கு 40. குளம் ஏன் விழுந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கையே பாதி விடை.

ஆனால் அங்கே சொந்த வகைகளைப் பழக்க ஆங்கிலம், ஸ்பானிஷ் போன்ற சில ஐரோப்பிய மொழிகள்தான். தமிழ் கிடையாது. பிறகு அந்த அழகான அமைப்பு எங்களுக்கு எதற்கு?

ஸ்பேசி என்ற பைதன் நூலகத்தில் தமிழுக்கு ஆயத்த மொடல் இல்லாவிட்டாலும் வெற்றுக் குழாய்வரிசை (எதுவும் பழக்காத 'பைப்லைன்') உண்டு, நாமே பழக்கலாம். மொடலோடு வரும் மெட்டா ஜேசன் கோப்பில் மொழி, பதிப்பு, வகைகள், வகைவாரி மதிப்பெண் எல்லாம் இருக்கும். எத்தனை ஆவணத்தில் படித்தது என்பது மட்டும் இருக்காது. இன்னொன்று: கொம்ப்ரிஹெண்ட் மதிப்பெண்ணை நூற்றுக்குச் சொல்லும், ஸ்பேசி ஒன்றுக்குச் சொல்லும். 0.91-ஐயும் 88-ஐயும் ஒரே அட்டவணையில் போட்டு முழித்தவன் நான்.

மூன்றாவது, மொடல்களைப் பகிரும் தளமான ஹக்கிங் ஃபேஸ். அங்கே மொடலோடு வரும் கொன்ஃபிக் ஜேசன் கோப்பில் மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. வகைகளைப் பற்றி எந்த எண் எந்த வகை என்ற அகராதி மட்டும். அதையும் நாம் கொடுக்காவிட்டால் 'லேபல்_0', 'லேபல்_1' என்று நிற்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது குளம், எது ஆள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மதிப்பெண்ணை மொடல் அட்டையில் (மொடலின் அறிமுகப் பக்கத்தில்) ஆக்கியவர் எழுதினால் உண்டு.

அதனால் நான் ஸ்பேசியில் பழக்குகிறேன், அமேசனில் இருப்பதுபோன்ற வகைவாரி எண்ணிக்கையை மெட்டா ஜேசனில் நானே சேர்த்துவிடுகிறேன். அது வெறும் அகராதிதான், புதிய புலம் சேர்த்துச் சேமித்தால் அப்படியே எழுதிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று. அந்த எண்ணிக்கையும் ஏமாற்றும். குளம் 60 தடவை வந்திருக்கலாம். அறுபதும் 'உன்னிச்சைக் குளம்', 'உன்னிச்சைக் குளத்தின்' என்றே இருந்தால் மொடல் நவகிரியையோ உறுகாமத்தையோ கண்டதே இல்லை. மூன்று வடிவத்திலும் இதற்கு இடம் இல்லை. இப்போது ஒவ்வொரு வகைக்கும் 'வேறு வேறு பெயர்கள்' என்று இன்னொரு எண்ணும் எழுதி வைக்கிறேன்.