ஆப்பில் 6.9, லேப்பில் 7.7: எந்தக் கணக்கு சரி?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை லேப் ரிப்போர்ட் போனில் வந்தது. 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் ரத்த டெஸ்ட், எச்பிஏ1சி (சுருக்கமாக ஏ1சி), 7.7 சதவீதம். அதே போனில், கையில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சாரின் ஆப்பைத் திறந்தால் அது தன் கணக்கில் போட்டுத் தரும் அதே மாதிரி எண், ஜிஎம்ஐ, 6.9. பதினோரு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள் நான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நன்றாகத் தெரியும். 6.9 என்றால் டாக்டர் சிரிப்பார். 7.7 என்றால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார்.

ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதானே நிஜம், கையில் ஒட்டியது ஏதோ உளறியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினை யாரையும் கேட்காமல் இரண்டு யூனிட் ஏற்றினேன். நாலாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நைட்டி நனைய வியர்த்து எழுந்தேன். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 48, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சர்க்கரை டப்பாவைத் திறந்து கையால் அள்ளித் தின்ற ராத்திரி அது.

சென்சார் உளறவில்லை. வேடிக்கை என்னவென்றால், லேப்பும் தப்பாகச் சொல்லவில்லை.

லேப் அளப்பது சர்க்கரையை அல்ல, சர்க்கரை விட்டுப்போன கறையை. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்த அணு சாகும்வரை போகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் இதை 'மூணு மாச சுகர்' என்கிறோம். ஆனால் மூன்று மாதத்துக்கும் சம பங்கு கிடையாது. ஏறக்குறைய பாதி எடை கடைசி மாதத்துக்கே போகிறது. தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் டெஸ்ட் கொடுத்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கறையை நீரிழிவோடு முடிச்சுப் போட்டவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். 1960களின் கடைசியில் டெஹ்ரானில் நோயாளிகளின் ரத்தத்தில் வித்தியாசமான ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று தேடியபோது, சர்க்கரை நோயாளிகளிடம் இது தூக்கலாக இருப்பதைக் கண்டார். வித்தியாசமான ஹீமோகுளோபினைத் தேடப் போன இடத்தில் கிடைத்த டெஸ்ட் இது. இன்று அந்த வித்தியாசமான ஹீமோகுளோபின் இருப்பவர்களிடம்தான் இது தடுமாறுகிறது.

சென்சார் வேறு இடத்தில் வேலை செய்கிறது. தோலுக்கடியில் சுமார் அரை சென்டிமீட்டர் போகும் இழை, செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் குளுக்கோஸைப் பார்க்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு எண். இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் சேரும். அத்தனைக்கும் சராசரி எடுத்து, அதை 0.02392 ஆல் பெருக்கி, 3.31 கூட்டினால் ஜிஎம்ஐ. அவ்வளவுதான் சூத்திரம். 2018இல் வந்தது. அதற்கு முன் ஆப்களில் இதே மாதிரி எண்ணுக்கு 'உத்தேச ஏ1சி' என்று பெயர். லேப் எண்ணோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் 'குளுக்கோஸ் மேலாண்மைக் குறியீடு' என்று பொருள்படும் புதுப்பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றியவர்கள் சதவீதக் குறியை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். குழப்பம் பாதி அந்தக் குறியிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. லேப் ரிப்போர்ட்டின் அடியில் 'உத்தேச சராசரி குளுக்கோஸ்' என்று ஒரு வரி இருக்குமே, அது வேறொரு சூத்திரம். 2008இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது: ஏ1சியை 28.7 ஆல் பெருக்கி 46.7 கழிக்க வேண்டும். இரண்டு சூத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் (சராசரி எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு):

சராசரி 126: லேப் சூத்திரப்படி 6.0, ஜிஎம்ஐ 6.3
சராசரி 154: இரண்டிலும் 7.0
சராசரி 183: லேப் 8.0, ஜிஎம்ஐ 7.7
சராசரி 212: லேப் 9.0, ஜிஎம்ஐ 8.4
சராசரி 240: லேப் 10.0, ஜிஎம்ஐ 9.1

ஏழில் மட்டும் இரண்டும் கைகுலுக்குகின்றன. அதற்கு மேலே போகப் போக ஆப் தாராளமாக மார்க் போடும், கீழே போனால் கறாராகப் போடும். ஒன்பதுக்கு மேல் ஏ1சி வைத்திருக்கும் பையன் 'ஆப்புல எட்டரைகூட இல்லம்மா' என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. உடம்பில் எந்த வித்தியாசமும் இல்லாமலே, வெறும் கணக்கில் மட்டும் இவ்வளவு தள்ளும்.

இதெல்லாம் சராசரி மனிதருக்கான கோடு. தனி மனிதர்கள் கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த 2008 ஆய்விலேயே ஏ1சி 7 என்றால் உண்மைச் சராசரி 123 முதல் 185 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் வருகிறது. ஜிஎம்ஐ சூத்திரத்தை வெளியிட்டவர்களும் ஒளிக்கவில்லை: அவர்கள் பார்த்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு லேப்புக்கும் ஜிஎம்ஐக்கும் 0.5 அல்லது அதற்கு மேல் வித்தியாசம். நாலில் ஒருவருக்கு மேல்!

என் 0.8க்கு வருகிறேன். அந்த 48ஐ டாக்டரிடம் சொன்னபோது முதலில் திட்டு விழுந்தது. அப்புறம் அவர் சுகரைப் பற்றியே கேட்கவில்லை. "பீரியட்ஸ்ல ப்ளீடிங் அதிகமா இருக்காம்மா?" என்றார். இருந்தது. ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) 6. இரும்புச்சத்து காலி.

இரும்பு குறைந்தால் ஏ1சி ஏறும், சுகர் ஏறாமலே. பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் இது: புது அணுக்கள் உருவாவது குறைவதால், இருக்கும் பழையவையே அதிக நாள் சுற்றுகின்றன. பழைய அணுவில் கறை அதிகம். பி12 குறைந்தாலும் இதே பக்கம்தான் சாயும். எதிர்ப்பக்கம் இழுப்பவையும் உண்டு. ரத்தம் ஏற்றியிருந்தால், அணுக்கள் சீக்கிரம் உடைந்தால், டயாலிசிஸில் இருந்து ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொண்டால், கர்ப்பமாக இருந்தால் ஏ1சி உள்ளதைவிட நல்ல பிள்ளையாகக் காட்டும். நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் சிக்கில் செல் போன்ற பரம்பரை ஹீமோகுளோபின் மாற்றங்கள் இருந்தால் எண்ணையே நம்ப முடியாமல் போகலாம்.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஏ1சியை ஹீமோகுளோபின் பார்க்காமல் தனியாக எழுதிக் கொடுப்பது எனக்கு இப்போது விசித்திரமாகவே படுகிறது.

அதற்காக சென்சாரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. அதற்கும் வண்டி வண்டியாகக் குறைகள். ஒட்டிய முதல் நாள் மனம்போனபடி ஆடும். ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத லோவை (சுகர் தாழ்வை) காட்டி எழுப்பும். ஒரு சென்சார் முழுக்க 10 மி.கி. குறைத்தே காட்டுகிறது என்று வையுங்கள், அது ஒன்றே ஜிஎம்ஐயில் 0.24 இறக்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு புது சென்சாரையும் இரண்டாம் நாளிலிருந்து சில முறை குளுக்கோமீட்டரோடு ஒப்பிடுகிறேன். அதுவும் ஆப்பில் சுகரின் போக்கைக் காட்டும் அம்பு நேராகப் படுத்திருக்கும்போது மட்டும்தான். சாப்பிட்டு அரைமணியில் ஒப்பிட்டால் திசு நீர் ரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பின்னால் ஓடும், வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? குளுக்கோமீட்டரும் கடவுள் இல்லை. சர்வதேசத் தரமே 100க்கு மேல் கூடக் குறைய 15 சதவீதம் வரை தள்ள அனுமதிக்கிறது. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எந்தத் தரமும் காப்பாற்றாது.

நம் ஊரில் பெரிய குறை வேறு. ஏ1சி சில நூறு ரூபாயில் முடிகிறது. சென்சாருக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் போகிறது. அதனால் நிறைய பேர் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒன்று ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டிய பதினாலு நாளும் பரோட்டா கடைப் பக்கமே போவதில்லை. மீதி இரண்டரை மாதம் பழைய குருடி கதவைத் திறடி. ஜிஎம்ஐ அந்தப் பதினாலு நாளுக்கு மார்க் போடுகிறது, ஏ1சி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். நாமே ஸ்கேன் செய்ய வேண்டிய பழைய சென்சாராக இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்கேன் செய்யாத பகுதி அப்படியே காணாமல் போகும், பெரும்பாலும் அது ராத்திரியாக இருக்கும். பதினாலு நாளில் 70 சதவீதமாவது தகவல் இல்லாவிட்டால் ஜிஎம்ஐயைப் பார்ப்பதே வீண்.

சரி, எதை வைத்து இன்சுலினை மாற்றுவது? டைப் 1 (உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்ட நீரிழிவு) என்றால் நான் சந்தேகமில்லாமல் சென்சார் பக்கம். ஏ1சி 7 என்பது நாள் முழுக்க 154ஐ ஒட்டியே இருந்தும் வரலாம், 50க்கும் 300க்கும் ஊஞ்சலாடியும் வரலாம். டோஸ் மாற்ற அந்த ஊஞ்சல் தெரிய வேண்டும். ஜிஎம்ஐகூட அதைச் சொல்லாது, ஏனென்றால் அதுவும் சராசரிதான். ஆப்பில் அதற்குப் பக்கத்தில், சுகர் எந்த அளவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று காட்டும் பட்டையைத்தான் பார்க்க வேண்டும்: 70–180க்குள் எழுபது சதவீத நேரத்துக்கு மேல், 70க்குக் கீழே நாலு சதவீதத்துக்குள். கர்ப்பிணிகளுக்கு எல்லை இன்னும் இறுக்கம், 63–140. அந்த மாதங்களில் ஏ1சி கீழ்ப்பக்கம் ஏமாற்றும் என்பதால் சென்சாரின் மதிப்பு இரட்டிப்பு.

கண், சிறுநீரகம் என்று வரும்போது ஏ1சியை ஓரங்கட்ட முடியாது. 1993இல் முடிந்த அமெரிக்க டிசிசிடி ஆய்வு, டைப் 1 உள்ள 1,441 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஏ1சியை ஒன்பதிலிருந்து ஏழுக்கு அருகே கொண்டுவந்தவர்களில், தொடக்கத்தில் கண்பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதே குழுவில் மயங்கி விழும் அளவுக்கான லோ மூன்று மடங்கு ஆனது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 'ஏழு' என்ற இலக்கே நமக்கு வந்தது. இவ்வளவு நீண்ட சாட்சி சென்சாருக்கு இன்னும் சேரவில்லை.

ஆனால் லேப் எண் கூடுதல் என்பதற்காக இன்சுலினை ஏற்றும்போது, இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி எதனால் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏற்கெனவே சரியாக இருந்த சுகரை, சுகரே காரணமில்லாத ஓர் எண்ணுக்காகக் கீழே தள்ளினேன்.

இரும்பு மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து லேப்பில் 7.2. ஆப்பில் அதே 6.9. இடைவெளி 0.3, அப்புறம் அடுத்தடுத்த நாலு டெஸ்டிலும் அப்படியே நின்றது. அது என் உடம்பின் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, டைரியில் தேதியோடு மூன்று எண்ணாக எழுத ஆரம்பித்தேன்: லேப், ஆப், இடைவெளி.

போன மாதம் மூன்றாவது எண் 0.6. இன்சுலின் பேனாவைத் தொடவில்லை. டாக்டரிடம் ஃபெரிட்டினுக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். 9 வந்தது.