கேள்விக்குறி தொலையாமல் திருத்திக் கொடுத்த கடை

ஹட்டன் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கம்பியூட்டர் திருத்தும் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. கீழே புடவைக்கடையில் கேட்டால் படியைக் காட்டுவார்கள். "கோப்பின் பெயர் சரியில்லை" என்று சொல்லி விண்டோஸ் திறக்க மறுத்த 58 படங்களையும் ஒரு முழு ஃபோல்டரையும் அங்கே இருக்கிற தம்பி மீட்டுத் தந்தார்.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று சொன்னால்தான் வேலையின் அருமை விளங்கும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் பெரியப்பா குடும்பமும் விழுந்தது. 1974இல், அழுகையோடு பிரிந்து போனதால் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்பெற்ற ரயிலில் தலைமன்னாருக்குப் போனார்கள். எனக்கு அப்போது 9 வயது. அங்கிருந்து கப்பலேறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போகும்போது லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்த படங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது 3 படம்.

பெரியப்பா மகன் அண்ணன் போன வருடம் அந்தப் பெட்டியைத் திறந்து, 412 படங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் பண்ணி, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டார். அண்ணன் பாவித்தது பேத்திக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லெப்டொப். அதில் விண்டோஸ் போல மெஷினை இயக்குகிற இன்னொரு மென்பொருளான பொஸ் லினக்ஸ் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். ஆள் யாரென்று தெரியாத இடத்தில் "லெட்சுமி அத்தையா?", "நோர்வூட் மாமா?" என்று கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். அந்தப் படங்கள்தான் திறக்கவே இல்லை. பெயர் தெரிகிறது, அழுத்தினால் பிழைச் செய்தி. கொப்பி பண்ணப் போனால் 0x8007007B என்று ஓர் இலக்கம்.

முதலில் வேறொரு நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். டிஸ்க் பழுது, ஃபோர்மட் பண்ணிவிட்டு மென்பொருள் போட்டு மீட்கலாம் என்றார்கள். 354 படம் நன்றாகத் திறக்கும்போது 58 மட்டும் எப்படிப் பழுதாகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஹட்டன் தம்பி டிஸ்க்கைச் செருகினார். திறக்காத பெயர்களை ஒரு முறை மேலிருந்து கீழே வாசித்தார். "டீச்சர், டிஸ்க் நல்லா இருக்குங்க. பேருதான் பிரச்சினை" என்றார். பிறகு ஒரு பேப்பரை எடுத்து ஒன்பது குறிகளை எழுதிக் காட்டினார்: \ / : * ? " < > |. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் இவை வரக்கூடாது. விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்திலிருந்தே ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். கேள்விக்குறி என்றால் "இந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்" என்று தேடுவதற்கான குறி. முக்காற்புள்ளி டிரைவின் எழுத்துக்குப் பின்னால் வருவது. லினக்ஸுக்கோ சாய்கோடு ஒன்றைத் தவிர மற்ற எட்டும் சாதாரண எழுத்து மாதிரிதான். அண்ணன் எழுதும்போது அந்த மெஷின் தடுக்கவில்லை, இங்கே விண்டோஸ் முட்டிக்கொள்கிறது. எண்ணிப் பார்த்ததில் 47 படத்தில் கேள்விக்குறி, 11 படத்தில் "நோர்வூட்: லயத்து வாசல்" என்பது போல முக்காற்புள்ளி. நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குவது போல எனக்கு விளக்கினார்.

அடம்பிடித்த ஃபோல்டரின் பெயர் "பெரியப்பா செ.மு." கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான் காரணமாம். பெயரின் கடைசியில் வருகிற புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் தானாகவே வெட்டிவிடும். வெட்டிய பெயரைத் தேடும், அப்படியொரு ஃபோல்டர் இருக்காது, "அந்த இடத்தில் இல்லை" என்று சொல்லிவிடும். இதைக் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையில், ஃபோல்டர் இருக்கிற இடத்தைச் சொல்லும் பாதைக்கு முன்னால் \\?\ என்று சேர்த்து, என் கண் முன்னாலேயே விண்டோஸிலேயே பெயர் மாற்றித் திறந்து காட்டினார். பெரியப்பாவின் செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு) துண்டுகளும் பிறப்புச் சான்றிதழும் அதற்குள்தான் இருந்தன.

கேள்விக்குறிப் படங்களுக்கு அந்த வழி சரிவராது. கோப்புக்கு விண்டோஸ் தானாக வைக்கிற குறுகிய பெயரைக் கண்டுபிடித்து அதால் திறக்கிற பழைய வழியும் உண்டாம். லினக்ஸிலிருந்து எழுதிய கோப்புக்கு அந்தக் குறுகிய பெயர் இருக்காது என்று அதையும் தள்ளிவிட்டார். எழுதிய இடத்துக்கே திரும்பிப் போவதுதான் வழி: ஒரு பென்டிரைவில் லினக்ஸை வைத்து மெஷினை அதிலிருந்து ஆரம்பித்து, முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் பிரதி எடுத்தார். மூலத்தில் கை வைக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவரை நம்பலாம்.

ஒரு தடங்கல் வந்தது. ஒரே கட்டளையில் எல்லாக் குறிகளையும் அடிக்கோடாக மாற்றி எனக்குக் காட்டினார். படம் திறந்தது. "லெட்சுமி அத்தையா_" என்று நின்றது. நான், "தம்பி, அந்தக் கேள்விக்குறி எங்க அண்ணன் எங்ககிட்ட கேக்குற கேள்விப்பா. அது போயிருச்சின்னா எந்தப் படத்துக்கு ஆள் தெரியணும்னே எங்களுக்குத் தெரியாம போயிரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பார்க்கக் கேள்விக்குறி மாதிரியே இருக்கிற அகலமான இன்னொரு எழுத்து இருக்கிறது, சீன, ஜப்பான் எழுத்தோடு வருவது, அதை விண்டோஸ் ஏற்கும் என்றார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு விசைப்பலகையில் அதைத் தட்ட முடியாது, தேடவும் முடியாது. கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் "கேள்வி - " என்று சேர்ப்பதாக இருவரும் முடிவெடுத்தோம். இப்போது 47 படமும் ஒரே வரிசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. அண்ணன் வைத்த பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரு அட்டவணையில் போட்டு, அச்செடுத்தும் தந்தார். நான் கேட்காமலே செய்தது அது.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன். சில பெயர்கள் பாதி வசனத்தில் நிற்கின்றன, ஏன்? லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் எழுத்து, அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனிக் குறியீடு, ஒரு குறியீடு 3 பைட் எடுக்கும் என்றார். "கருப்பையா" என்று எழுத 9 குறியீடு, 27 பைட். ஆக, மொத்தம் 85 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும். அன்றிரவு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "ஆமா தங்கச்சி, அதுக்கு மேல எழுத விடல" என்றார். மீதியைப் போனிலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் எடுத்தார், 2,800 ரூபா வாங்கினார். குறை இருக்கிறது. பற்றுச்சீட்டு தரவில்லை, கேட்டபோது கொப்பித்தாளில்தான் எழுதித் தந்தார். மாடிப்படி செங்குத்து, பிடிக்கக் கைப்பிடி இல்லை; மழை நாளில் முழங்கால் வலிக்காரர்கள் கவனமாக ஏற வேண்டும். இரண்டாம் நாள் போனபோது கடை பூட்டியிருந்தது, ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். கதவில் ஒரு தொலைபேசி இலக்கமாவது ஒட்டி வைக்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வேலைக்கு மட்டும் என்றால் ஐந்து.

வெளிநாட்டிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ உறவுக்காரர் அனுப்பிய டிஸ்க் இப்படித் திறக்காமல் இருந்தால் ஃபோர்மட் பண்ண விடாதீர்கள். முதலில் பெயரை வாசித்துப் பாருங்கள். டிஸ்க்கோடு அதன் கேபிளையும் கொண்டுபோங்கள், அவரிடம் பழைய வகைக் கேபிள் இல்லை.

47 கேள்வியில் 19க்கு நானும் தங்கச்சியும் பதில் எழுதிவிட்டோம். லெட்சுமி அத்தைதான் அது, காதில் பாம்படம் போட்டிருக்கிறார். மற்ற 28 படத்தையும் ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்குக் கொண்டுபோகிறேன். அங்கே சின்னம்மாவுக்கு 88 வயது, கண் நன்றாகத் தெரிகிறது.